இலவசமாகக் கொடுத்த ஆணி

2024 ஜனவரியில் மூத்த மகளுக்குக் கலியாணம் பேசி முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். நகை, சாப்பாடு, சாரி என்று ஏதாவது பேச்சு வரும் என்று எதிர்பார்த்தேன். மனைவி கூரையைத்தான் காட்டினார். "இஞ்சப் பாருங்க, ஹோலுக்குள்ள மூணு வாளி வெச்சிரிக்கன். மருமகன் வந்து வாளியையா பாக்கிற?"

காத்தான்குடியில் வீடு பெண் பிள்ளைக்குப் போகும் வழக்கம் வாசகர்களுக்குத் தெரியும். அது சரியா பிழையா என்று பேசுவது இந்தப் பக்கத்தின் வேலையல்ல. ஒழுகும் வீட்டை மகளுக்குக் கொடுக்க எந்தத் தகப்பனுக்கும் மனம் வராது என்பது மட்டும் உண்மை. என் விடயத்தில் வெட்கம் இன்னும் கொஞ்சம் கூட. நான் 23 வருடமாக ஹாட்வெயார் கடை நடத்துகிறவன். அந்தக் கூரை 2012 இல் என் கடைச் சாமானால் போட்ட கூரை. வருபவர்களிடம் "20 வருடத்துக்குத் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை" என்று சொல்லி நான் விற்கின்ற அதே தகடு. 2019 இன் மாரியிலேயே ஒழுகத் தொடங்கிவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் சிலிக்கோன் பூசிப் பூசிக் காலத்தைக் கடத்தினோம்.

எமது ஊரில் மூத்த ஓடாவி ஒருவர் இருக்கிறார். 1978 சூறாவளிக்குப் பிறகு தகப்பனாரோடு சேர்ந்து ஊரெல்லாம் கூரை திருத்திய கை. அவரைக் கூட்டிவந்து ஏற்றினேன். அரை மணித்தியாலம் மேலே இருந்தார். இறங்கி வந்து என் உள்ளங்கையில் எட்டுப் பத்து ஆணித் தலைகளைக் கொட்டினார். எல்லாம் விரலால் தட்ட உதிர்ந்தவை.

"தகடு சாகல்ல தம்பி. ஆணிதான் செத்திரிக்கி. ஆணி செத்த இடத்தாலதான் தகட்டையும் கடல் தின்னத் தொடங்கிரிக்கி." பிறகு சிரிக்காமல் கேட்டார்: "இத எந்தக் கடையில வாங்கின?"

அவருக்குத் தெரியும் எந்தக் கடை என்று.

கூரைத் தகடு விற்கின்ற சகோதரர்களுக்கு ஆணிக் கணக்கு தெரியும். வாடிக்கையாளர் வந்து அடி என்ன விலை என்று தகட்டைத்தான் கேட்பார். பக்கத்துக் கடையில் அடிக்கு 5 ரூபா குறைவு என்பார். 5 ரூபா குறைத்தால் எமக்கு ஒன்றும் மிஞ்சாது. அப்போது நாம் சொல்வது: "விலையைக் குறைக்க ஏலாது, ஆணியை இலவசமாகத் தாறன்." அவருக்கும் சந்தோசம், எமக்கும் வியாபாரம். இலவசமாகப் போகின்ற ஆணி எப்படிப்பட்ட ஆணியாக இருக்கும்? ஆகக் குறைந்த ஆணியாகத்தான் இருக்கும். மேலே மினுங்கும் மெல்லிய நாகப் பூச்சு, அடியில் சாதாரண உருக்கு, கறுத்த இறப்பர் வோஷர். கொழும்பில் ஒரு தொழிற்சாலைக்குள்ளோ, குருநாகலில் ஒரு களஞ்சியத்திலோ அது பல வருடம் நிற்கலாம். எமது ஊரில் நிற்காது.

ஏன் நிற்காது என்பதை நான் 20 வருடம் யோசிக்கவே இல்லை. எமக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. எமது வீடு அலை அடிக்கும் இடத்திலிருந்து 350 மீற்றருக்குள் வருகிறது. அலை உடையும்போது எழும்பும் நுண்ணிய உப்புத் துளியைக் காற்று கொண்டுவந்து கூரையில் படிய வைக்கிறது. உப்பு காற்றின் ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். அதனால் மழை இல்லாத நாளிலும் தகட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப் படலம் இருந்துகொண்டே இருக்கும். மேற்குக் கரையில் பேருவளையிலோ காலியிலோ இருப்பவர்களுக்கு வருடத்தில் பல மாதங்கள் மழை வந்து அதைக் கழுவிவிடும். எமக்கு மழை என்றால் மாரி மட்டும்தான். ஒக்டோபர் கடைசியில் தொடங்கி ஜனவரி, மிஞ்சினால் பெப்ரவரியோடு சரி. மற்ற மாதங்களில் படிகின்ற உப்பு அப்படியே இருக்கிறது. மாரி மழையும் தகட்டின் மேற்பக்கத்தைத்தான் கழுவும். தாழ்வாரத்தின் அடிப்பக்கம், ஒரு தகட்டின் மேல் மற்றத் தகடு ஏறுகின்ற இடம், ஆணித் தலையின் வோஷருக்குக் கீழே, இங்கெல்லாம் மழையும் போகாது. உப்பு போகும்.

அவுஸ்திரேலியத் தரம் ஒன்று உண்டு: ஏ.எஸ். 3566. கூரை ஆணிகளை அது துருவைத் தாங்கும் சக்தியை வைத்து 4 வகுப்பாகப் பிரிக்கிறது. 1 உம் 2 உம் உட்புறத்துக்கு. 3 சாதாரண வெளிப்புறத்துக்கு. கடற்கரை போன்ற கடுமையான இடங்களுக்கு 4. என் கடையில் இலவசமாகப் போனது எந்த வகுப்பு என்று பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு வகுப்பும் எழுதியிருக்கவில்லை.

அப்படியானால் துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஆணியைப் போட்டால் ஆயிற்று என்று ஒரு நண்பர் சொன்னார். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால் நாம் பாவிக்கின்ற தகட்டின் மேற்பூச்சு 55 வீதம் அலுமினியம், 43.4 வீதம் நாகம், 1.6 வீதம் சிலிக்கன் சேர்ந்த கலவை. அந்தப் பூச்சோடு ஸ்டெயின்லெஸ் ஆணி உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் பற்றரி போல வேலை செய்து, ஆணியைக் காப்பாற்றித் தகட்டைத் தின்றுவிடும். ஈயமும் செம்பும் இதே குணம்தான். அதனால்தான் அந்த வகைத் தகட்டுக்குத் தடித்த நாகக் கலவை பூசிய வகுப்பு 4 ஆணியைச் சொல்கிறார்கள். முழு அலுமினியத் தகடு போடுபவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்களுக்கு அலுமினியமோ ஸ்டெயின்லெஸ்ஸோதான் பொருத்தம்.

ஆணி மட்டும்தான் குற்றவாளி என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. ஓடாவியார் என்னைக் கையைப் பிடித்துக் கூரைக்கு ஏற்றி மற்றதையும் காட்டினார். 2012 இல் பொடியன்கள் தகட்டைக் கிரைண்டரால் வெட்டியிருக்கிறார்கள். வெட்டிய ஓரம் நெடுகிலும் பூச்சு கருகிப்போய்த் துரு ஏறியிருந்தது. வெட்டும்போது பறந்த சூடான இரும்புத் தூள் பக்கத்துத் தகடுகளில் ஒட்டி, ஒவ்வொரு தூளும் ஒரு துருப்புள்ளியாக மாறியிருந்தது. முகட்டில் இடைவெளி அடைக்க மேசன் சீமெந்துக் கலவை வைத்திருந்தார். ஈரச் சீமெந்தின் காரம் அலுமினியப் பூச்சை அரிக்கும் என்று அந்த மேசனுக்கும் தெரியாது, சீமெந்து கொடுத்த எனக்கும் தெரியாது.

"2018 இல என்னைக் கூப்பிட்டிருந்தா ஆணிய மட்டும் மாத்திக் காட்டியிருப்பன்" என்றார். 12 ஆம் நம்பர் ஆணியைக் கழற்றிவிட்டு அதே துளையில் சற்றுத் தடித்த 14 ஆம் நம்பர் ஆணியைப் புது வோஷரோடு இறுக்கினால், தகடு நல்ல நிலையில் இருக்கும்வரை கூரை பிழைத்துவிடும். துளையைச் சுற்றித் தகடே கரைந்த பிறகு அந்த வைத்தியம் பலிக்காது. எனக்குக் காலம் பிந்திவிட்டது. இந்த வசனம்தான் பிறகு என் தூக்கத்தைக் கெடுத்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

எதைப் போடுவது என்று வீட்டில் பெரிய ஆலோசனை நடந்தது. மாமி ஓடு போடச் சொன்னார். தங்கொட்டுவ, வைக்கால் பக்கத்திலிருந்து வருகின்ற தட்டோட்டை உப்பு ஒன்றும் செய்யாது, சூடும் குறைவு. ஆனால் அந்த ஓட்டுக்குக் கூரை நல்ல சரிவாக, 25 பாகைக்குக் குறையாமல் இருக்க வேண்டும். எமது கூரை ஒரு காலத்தில் அஸ்பெஸ்டஸுக்காகப் பதித்துக் கட்டிய கூரை. ஓடு போடுவதென்றால் சுவரை உயர்த்த வேண்டும். ஓடு சதுர மீற்றருக்கு 40 கிலோவுக்கு மேல் நிறுக்கும். தகடு 5 கிலோவுக்குள். சலாகை எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும். மைத்துனர் கொங்கிரீட் தட்டுப் போட்டு மேலே இன்னொரு மாடி எழுப்பச் சொன்னார். கடற்கரையில் கொங்கிரீட்டும் சும்மா இருப்பதில்லை. உப்பு உள்ளே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு வீங்கும்போது கொங்கிரீட்டைப் பிளந்து கீழே தள்ளும். எமது ஊரிலேயே சீலிங்கிலிருந்து பாளம் பாளமாக விழுகின்ற வீடுகள் உண்டு. கம்பிக்கு மேல் போதிய கனத்துக்குக் கொங்கிரீட் மூடி, நல்ல கலவை போட்டுக் கட்டினால் நிற்கும். அந்தச் செலவுக்கு என்னிடம் அப்போது காசு இல்லை. முழு அலுமினியமும் விலையில் எட்டவில்லை.

ஆகவே மீண்டும் தகடுதான். இந்த முறை தகடு வாங்குபவனாக நானே என் மொத்த வியாபாரியிடம் கேள்வி கேட்டேன். 0.47 மி.மீ. என்கிறீர்களே, பூச்சோடு சேர்த்தா, உருக்கு மட்டுமா? சதுர மீற்றருக்குப் பூச்சு எத்தனை கிராம், 150 ஆ, 100 ஆ, 70 ஆ? தொலைபேசியின் மறுபக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனபோது எல்லோருக்கும் கை சுட்டது. அந்தக் காலத்தில் விலையைக் கூட்டாமல் தகட்டை மெலிதாக்கி அனுப்பிய சரக்கும் என் கடைக்கு வந்தது. பார்வைக்கு நிறம் ஒன்று, நெளிவு ஒன்று. மைக்ரோமீற்றர் ஒன்றை வாங்கி மேசையில் வைத்த பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. இப்போது வாடிக்கையாளர் முன்னாலேயே அளந்து காட்டுகிறேன். இது விளம்பரமாகவும் வேலை செய்கிறது என்பதை ஒளிக்கத் தேவையில்லை.

உத்தரவாதப் பத்திரத்தையும் அப்போதுதான் முதல் முறையாக முழுதாக வாசித்தேன். அலை உடையும் கரையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் இருக்கும் கட்டிடங்களுக்கு உத்தரவாதம் செல்லாது என்றும், மழை கழுவாத பாகங்களை உரிமையாளர் நல்ல தண்ணீரால் கழுவிவர வேண்டும் என்றும் சிறிய எழுத்தில் இருந்தது. கரையோர ஊரில் கடை வைத்துக்கொண்டு இந்தப் பத்திரத்தை எத்தனை பேருக்குக் கொடுத்திருப்பேன்!

குசினியும் பின் விறாந்தையும் இன்னும் மாமாவின் காலத்து அஸ்பெஸ்டஸில்தான் இருந்தன. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இலங்கையில் நீல அஸ்பெஸ்டஸ் 1987 இல் தடை செய்யப்பட்டது. வெள்ளை அஸ்பெஸ்டஸைப் படிப்படியாக நிறுத்தப் பிறகு அரசாங்கம் தீர்மானித்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா ஒரு வண்டைக் காரணம் காட்டி எமது தேயிலையை நிறுத்தியது. வெள்ளை அஸ்பெஸ்டஸ் எமக்கு வருவதும் ரஷ்யாவிலிருந்துதான். அதே மாதத்தில் எமது அரசு அஸ்பெஸ்டஸ் தடையைப் பின்போட்டது, தேயிலைத் தடையும் நீங்கியது. வியாபாரிகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஆனால் நுரையீரலுக்கு வர்த்தக ஒப்பந்தம் தெரியாது. எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. தூசு உள்ளே போய் நோய் வெளியே வர 20, 30, 40 வருடம்கூட எடுக்கலாம். கூரையில் உடையாமல் இருக்கும் தகடு பெரிய ஆபத்தில்லை. உடைக்கும்போதும் வெட்டும்போதும் துலக்கும்போதும்தான் ஆபத்து.

2012 இல் ஹோலின் அஸ்பெஸ்டஸை நாங்கள் எப்படி இறக்கினோம் என்பதை நினைக்க இப்போது உடம்பு கூசுகிறது. சுத்தியலால் தட்டி உடைத்துக் கீழே போட்டு, துண்டுகளை வண்டியில் அள்ளி, பள்ளமான ஒரு வளவை நிரப்பினோம். தூசுக்குள் நின்ற பொடியனுக்கு அப்போது 19 வயதிருக்கும். இந்த முறை அப்படிச் செய்யவில்லை. முதலில் தண்ணீர் தெளித்து நனைத்தோம். கொக்கி ஆணிகளைக் கழற்றி முழுத் தகடாக இருவர் பிடித்து இறக்கினோம். கிரைண்டரைப் பக்கத்தில் வைக்கவே விடவில்லை. வேலை செய்தவர்களுக்குச் சாதாரணத் துணியில்லாமல் தூசு வடிகட்டும் முகமூடி வாங்கிக் கொடுத்தேன். அவர்களுடைய உடுப்பு பிள்ளைகளின் உடுப்போடு சேர்ந்து கழுவப்படக் கூடாது என்று வீட்டிலேயே மாற்றுடுப்புக் கொடுத்து அனுப்பினோம். உடைந்த சில துண்டுகளையும் ஈரத்தோடு தடித்த பொலித்தீனில் சுற்றிக் கட்டினோம். ஒருவர் வந்து கோழிக்கூட்டுக்குக் கேட்டார். கொடுக்கவில்லை. அவருக்கு இன்றும் என்னோடு மனத்தாங்கல்.

வேலையை மார்ச்சில் வைத்துக்கொண்டோம். மாரி முடிந்து கச்சான் காற்று பலமாக எழும்புவதற்கு முன்னுள்ள இடைவெளி அது. கச்சானில் 15 அடித் தகட்டைத் தலைக்கு மேல் தூக்கினால் தகடு ஆளையும் கொண்டு போய்விடும். பனஞ் சலாகைகள் அல்ஹம்துலில்லாஹ் இன்னும் இரும்பு போல் இருந்தன. ரீப்பைகளை மட்டும் மாற்றினோம். ஓரங்களிலும் முகட்டிலும் தாழ்வாரத்திலும் ஆணி நெருக்கமாக அடிக்கச் சொன்னார் ஓடாவியார். 1978 நவம்பர் 23 இரவை அவர் பார்த்தவர். காற்று கூரையை மேலிருந்து அமுக்குவதில்லை, மேல் நோக்கி உறிஞ்சி எடுக்கும். அதுவும் முதலில் ஓரத்தில்தான் பிடிக்கும் என்று அவர் சொல்வதைப் பொறியியலாளரும் மறுக்கமாட்டார். பின்னேரம் வேலை முடிந்து இறங்கும்போதெல்லாம் துளையிட்ட இரும்புத் தூளை மென்மையான தும்புத்தடியால் கூட்டித் தள்ளிவிட்டே இறங்கினார்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். எங்கள் கூரைக்கு 1,200 ஆணி. 2012 இல் நல்ல ஆணிக்கும் என் ஆணிக்கும் வித்தியாசம் ஒன்றுக்கு 4 ரூபா. மொத்தம் 4,800 ரூபா மிச்சம் பிடித்தேன். அன்றைய கூரைச் செலவு 2 இலட்சத்து 87 ஆயிரம். நிம்மதியாக இருந்தது 7 வருடம். வருடத்துக்கு 41 ஆயிரம் ரூபா. அந்த 4,800 ஐயும் சேர்த்துக் கொடுத்து 20 வருடம் நின்றிருந்தால் வருடத்துக்கு 15 ஆயிரமும் வராது. 2024 இல் அதே கூரை எனக்கு 9 இலட்சத்தைத் தொட்டது. ஆணி விலை வித்தியாசம் ஒன்றுக்கு 20 ரூபா, மொத்தம் 24 ஆயிரம். 9 இலட்சத்தில் 24 ஆயிரம் நூற்றுக்கு 3 கூட இல்லை. அடி என்ன விலை என்று கேட்டுப் பழகிய எமக்கு, வருடத்துக்கு என்ன விலை என்று கேட்க வரவில்லை.

கலியாணமும் நடந்தது. ஆனால் ஓடாவியார் சொன்ன அந்த வசனம், 2018 இல் கூப்பிட்டிருந்தால் என்றது, மனதில் நின்றது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு கடையைத் திறக்காமல் பழைய பில் புத்தகங்களை எடுத்துவைத்துப் பார்த்தேன். 2010 முதல் 2018 வரை அதே ஆணியோடு போன முழுக் கூரைகள் 64. அவற்றில் கடல் பக்கம் 41 வீடுகள். 17 பில்லில் "ஆணி இலவசம்" என்று என் கையெழுத்திலேயே இருந்தது.

தம்பிதான் என் பங்காளி. அவன் உடனே கணக்குப் போட்டான். "ஒரு வீட்டுக்கு நல்ல ஆணி 40,800. 41 வீட்டுக்கு 16 இலட்சத்து 70 ஆயிரம். காக்கா, நாம பொய் செல்லி வித்தமா? ஊரெல்லாம் இதத்தானே வித்த." அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. சட்டத்தைப் பார்த்தால் அது அவ்வளவு இலேசாக விடுவதில்லை என்று பழக்கமான ஒரு சட்டத்தரணி சொன்னார். 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. வாங்குபவர் இன்ன தேவைக்கு என்று சொல்லி, விற்பவரின் அறிவை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும் என்பது எழுதாமலேயே ஒப்பந்தத்தில் உள்ள நிபந்தனை. இத்தனை வருடத்துக்குப் பிறகு யாரும் வழக்குப் போடப் போவதில்லை என்பதையும் அவரே சொன்னார்.

எமது மஹல்லாவின் மௌலவியிடம் போனேன். குறையுள்ள பொருளை வாங்கியவருக்கு உள்ள உரிமை பற்றி, கியாருல் ஐப் பற்றிக் கேட்டேன். சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு ஈரத்தைக் கண்ட சம்பவத்தை அவர் நினைவூட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அவர் அதைச் சொல்லவில்லை. "விக்கக்குள்ள உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "இப்ப தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். "அப்ப அந்த ஆக்களுக்கும் தெரியோணுமே" என்றார். அவ்வளவுதான். காசைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

தம்பியோடு பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். 41 வீட்டுக்கும் நேரில் போய்ச் சொல்வது. இலவசம் என்று எழுதிய 17 வீட்டுக்கு ஆணி எங்கள் செலவு; கிட்டத்தட்ட 7 இலட்சம், 3 வருடத்தில் பிரித்து. மற்ற 24 வீட்டுக்கு எங்களுக்கு விழுகின்ற விலைக்கே ஆணி. கூலி வீட்டுக்காரருடையது.

முதலில் போனது ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியையின் வீட்டுக்கு. 2015 இல் ஓய்வூதியக் காசில் போட்ட கூரை. நான் சொல்லி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப ஒம்பது வருசமா நான் ஓடாவிட பிழை என்டு நினைச்சு அவரோட பேசாம இரிக்கன்" என்றார். அந்தக் கூரை இன்னும் பிழைக்கும் நிலையில் இருந்தது. இரண்டு நாளில் ஆணிகளை மாற்றினோம். 5 வீடுகளில் காலம் பிந்திவிட்டது, என் வீட்டைப் போல. அவர்களில் ஒருவர் என் முகத்தைப் பார்த்துக் கதவைச் சாத்தினார். இன்னொருவர் இப்போது எங்களிடம்தான் தகடு எடுக்கிறார்.

2004 சுனாமிக்குப் பிறகு கரையோரம் முழுவதும் கட்டப்பட்ட வீடுகளின் கூரைகள் இப்போது 20 வயதை நெருங்கியும் கடந்தும் நிற்கின்றன. நிந்தவூர், சாய்ந்தமருது, மருதமுனை என்று எங்கு போனாலும் அண்ணாந்து பார்க்கின்ற பழக்கம் வந்துவிட்டது. ஆணித் தலையிலிருந்து கீழ் நோக்கி ஓடும் கபில நிறக் கோட்டைத் தரையில் நின்றே பார்க்கலாம். அந்தக் கோடு இருந்தால் ஒழுகல் தொடங்க அதிக காலம் இல்லை. அதைப் பார்த்தவர்கள் மாரிக்கு முன் ஒருவரை ஏற்றிப் பார்க்கட்டும்.

கடையில் இப்போது ஆணி இலவசம் இல்லை. தகட்டு விலையையும் ஆணி விலையையும் தனித்தனியாக எழுதுகிறோம். கடற்கரை வீடென்றால் வகுப்பு 4 ஆணி இல்லாமல் தகடு கொடுப்பதில்லை. முதல் 6 மாதம் வியாபாரம் குறைந்தது. பக்கத்துக் கடை இன்னும் இலவசமாகக் கொடுக்கிறது. மகள் மாதத்துக்கு ஒரு தடவை குழாயைப் பிடித்துத் தாழ்வாரத்தின் அடிப்பக்கத்தைக் கழுவுகிறாள். மருமகன் ஏணியைப் பிடிக்கிறார். இலவச ஆணிப் பட்டியலில் இன்னும் 6 வீடு பாக்கி இருக்கிறது. மூத்த ஓடாவிக்கு முழங்கால் நோவு, ஏற முடிவதில்லை. முற்றத்தில் கதிரை போட்டு இருந்துகொண்டு, மேலே நிற்கின்ற மகனுக்குச் சத்தம் போட்டுச் சொல்லிக்கொடுக்கிறார்.